முன்பலகைக்கு அடியில் வைத்த சென்சார்

சின்னப் படகில் மின் திசைகாட்டியின் சென்சாரை எங்கே பொருத்துவது என்று, கருவி பொருத்தும் வேலைக்கு வந்திருக்கும் உங்களில் ஒருவர் போன மாதம் போன் செய்து கேட்டார். கையேட்டில்தான் படம் போட்டிருக்கிறதே என்றேன். "படத்துல இருக்கற படகுல ஆளே இல்ல சார், எங்க படகுல நாலு பேர் இருக்கோம்" என்றார். கெட்டிக்காரப் பிள்ளை. அந்த ஒரு வாக்கியம் என் இருபத்தெட்டு வயதில் எனக்குத் தோன்றியிருந்தால் ஒரு மனிதரின் பிழைப்பில் நான் மண் போடப் பார்த்திருக்க மாட்டேன்.

மோட்டாரிலிருந்து தள்ளி வை, பேட்டரியிலிருந்து தள்ளி வை, கரண்ட் போகும் ஒயரை முறுக்கிப் போடு, பக்கத்தில் இரும்பு கூடாது, படகின் நடுக்கோட்டில் தாழ்வாக இருந்தால் ஆட்டம் குறைவு. இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரிந்திருந்தது. தெரிந்தவன் செய்த தப்பைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

இடஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கமெல்லாம் சாலை மறியல் நடந்த வருஷங்கள் அவை. கல்வராயன் மலையடிவாரத்தில் ஓர் அணையில் எவ்வளவு வண்டல் சேர்ந்திருக்கிறது என்று அளந்து கொடுக்கும் வேலை எங்கள் சிறிய நிறுவனத்துக்குக் கிடைத்திருந்தது. முறை எளிது. படகு ஒரு கரையிலிருந்து எதிர்க்கரைக்கு நேர்க்கோட்டில் போகவேண்டும். போகப் போக ஆழமானி தண்ணீரின் ஆழத்தைத் தாளில் கோடாகப் போட்டுக்கொண்டே வரும். படகு கோணலாகப் போனால் அந்த ஆழம் எந்த இடத்தின் ஆழம் என்று தெரியாது, அன்றைய வேலை குப்பைக்குப் போகும். அதற்காக இரண்டு கரையிலும் வெள்ளையடித்த கற்களை நட்டிருந்தோம். கற்கள் தூரத்துக்குத் தெரியாது என்பதால் ஒவ்வொரு கல்லுக்கும் பக்கத்தில் ஓர் ஆள் கொடி பிடித்து நிற்பார்.

கொடி பிடிக்கும் நாலு பேரும் ஒரு நாள் காலையில் மொத்தமாக வந்து நின்றார்கள். "நாளைலேர்ந்து வர முடியாதுங்க. ரோட்டுக்குப் போறோம். எங்க புள்ளைங்களுக்கு வேல வோணும்னுதான போறோம், ஒங்க கொடிய அப்பறமா புடிக்கறோம்" என்றார் அவர்களில் மூத்தவர். உளுந்தூர்பேட்டைப் பக்கம் புளியமரங்களை வெட்டிச் சாலையின் குறுக்கே சாய்த்திருந்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை, எங்கள் ஜீப் அணையடியிலேயே முடங்கிக் கிடந்தது. இருந்த பெட்ரோலைப் படகுக்கென்று ஒதுக்கி வைத்தோம்.

நல்லவேளையாக மறியலுக்கு முந்தின வாரம்தான் மதராஸிலிருந்து மின் திசைகாட்டி வந்து சேர்ந்திருந்தது. கொடி இல்லாவிட்டால் என்ன, அது காட்டும் திசை எண்ணைப் பார்த்து ஓட்டினால் போதும் என்று நான் மார்தட்டினேன்.

படகில் மூன்று பேர். எங்கள் பொறுப்பாளர், நான், அப்புறம் ஏழுமலை. பொறுப்பாளர் வேலையில் புலி, நியாயஸ்தர்தான், ஆனால் ஒன்றை முடிவு செய்துவிட்டால் அதற்குப் பிறகு காது கேட்காது. ஏழுமலை அணையின் தினக்கூலிப் படகோட்டி, நாற்பது வயது. பதினோரு வருஷமாகத் தினக்கூலி. பணியை நிரந்தரமாக்கக் கேட்ட அவருடைய விண்ணப்பம் அந்தச் சமயத்தில்தான், அணைக்குப் பொறுப்பான, எங்களுக்கு இந்த வேலையைக் கொடுத்த கள்ளக்குறிச்சி அலுவலகத்தில் நகர ஆரம்பித்திருந்தது. "இந்த வாட்டி ஆயிடும்னு சொல்றாங்க சார்" என்று என்னிடம் இரண்டு முறை சொன்னார். இரண்டு முறையும் தலையாட்டிவிட்டு என் ஸ்குரூடிரைவரைத் தேடினேன்.

பதினைந்தடி ஃபைபர் படகு. பின்னால் மோட்டாரும் பெட்ரோல் கேனும், நடுவில் பேட்டரியும் ஆழமானியும். மிச்சம் இருந்தது முன்பக்கம். முன்பலகைக்கு அடியில் ஒரு பெட்டி போல இடம். வெயில் படாது, தண்ணீர் தெறிக்காது, மோட்டாரிலிருந்து அதிக தூரம். கையேடு எழுதியவரே வந்து பார்த்தாலும் அந்த இடத்தைத்தான் காட்டியிருப்பார். அங்கே பித்தளைத் திருகாணி போட்டுச் சென்சாரைப் பொருத்தினேன். காலியான படகைக் கரையோரம் மெல்ல ஒரு வட்டம் சுற்றவிட்டுச் சரிபார்த்தேன், அச்சுப் பிசகவில்லை. "ஏழுமலை, முன்னால இரும்புச் சாமான் எதுவும் வைக்காத" என்று சொன்னேன். அவர் நங்கூரத்தையும் சங்கிலியையும், இடுப்பில் இருந்த பேனாக்கத்தியைக்கூடப் பின்னால் கொண்டுபோய் வைத்தார்.

முதல் இரண்டு நாளும் கோடு போட்டது போலப் போனது வேலை. மூன்றாம் நாள் புதன்கிழமை. காலையில் எல்லாம் சரி. மதியத்துக்கு மேல் படகு எதிர்க்கரையில் கல்லைத் தொடாமல் நாற்பது தப்படி தள்ளிப் போய் முட்டியது. அடுத்த ஓட்டமும் அப்படியே. வியாழன் சரியாக இருந்தது, வெள்ளி, சனியும் சரி. ஞாயிறு மதியம் மறுபடியும் கோணல். அடுத்த புதன் மதியமும் அதே கதை.

பொறுப்பாளர் நாட்களை விரல்விட்டு எண்ணினார். "புதன் சந்தை. ஞாயித்துக்கிழமை ஊரே லீவு. ரெண்டு நாளும் சாராயக்கடை ஜேஜேன்னு இருக்கும். மத்தியானம் அவன் பொண்டாட்டி கரைக்கு வந்து பை குடுக்கறா, அதுக்கப்புறம்தான் படகு கோணுது. பையில வெறும் சோறு மட்டுமா இருக்கும்?"

பை வருவது நாங்கள் தினமும் பார்ப்பதுதான். பன்னிரண்டு மணிக்கு ஏழுமலையின் மனைவி காசியம்மாள் தங்கள் ஊர்ப்பக்கக் கரைக்கு வந்து நிற்பார். படகு அங்கே தொட்டுப் பையை வாங்கிக்கொள்ளும். இரண்டு மணிக்கு வேலையை நிறுத்திச் சாப்பிடுவோம். நானும் பொறுப்பாளரும் ஓட்டல் பொட்டலத்தோடு மரத்தடிக்குப் போவோம், ஏழுமலை படகிலேயே உட்கார்ந்து சாப்பிடுவார். யாரும் அப்படி உட்காரச் சொல்லவில்லை, சேர்ந்து உட்காரவும் சொல்லவில்லை. இன்றைக்கு நினைத்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது.

பொறுப்பாளர் என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். "மிசின் சரியா இருக்கா?"

மறுநாள் காலை காலிப் படகை மறுபடி சுற்றிப் பார்த்தேன். அணுவளவும் பிசகில்லை. "மிசின் சுத்தமா இருக்கு சார்" என்றேன். அந்த வார்த்தை ஏழுமலையைக் குற்றவாளி ஆக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் சொன்னேன், ஏனென்றால் அது உண்மை என்று நம்பினேன். என் கருவியைப் பற்றிக் கேட்டார்கள், என் கருவியைப் பற்றிச் சொன்னேன், அதோடு என் கடமை முடிந்தது என்று நினைத்தேன்.

ஏழுமலையைக் கூப்பிட்டுச் சொன்னபோது அவர் சத்தம் போடவில்லை. "குடிக்கறதில்லிங்க. எங்க வூட்ல கேளுங்க, ஊர்ல கேளுங்க. அந்த நம்பர் எங்க காட்டுதோ அங்கதான் ஓட்டனேன்" என்றார். என்னைப் பார்த்தார். நான் தாள் சுருளைச் சரிசெய்வது போலக் குனிந்துகொண்டேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்து போனார். பொறுப்பாளர் அன்றே கள்ளக்குறிச்சி அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். வேலை நேரத்தில் குடிப்பவர், இனி படகு வேலைக்குத் தரவேண்டாம் என்று இரண்டு வரி. நிரந்தரம் கேட்டு நிற்பவனின் ஃபைலில் அந்த இரண்டு வரி போய் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. மறியலால் கடிதம் போக வழியில்லாமல் மேசையிலேயே கிடந்தது.

நானே மோட்டாரைப் பிடித்து ஓட்ட ஆரம்பித்தேன். வந்த ஞாயிறு மதியம் படகு அம்பு போலப் போய்க் கல்லைத் தொட்டது. "பாத்தியா?" என்றார் பொறுப்பாளர். நானும் பார்த்தேன். மனதில் ஓரமாக இருந்த உறுத்தலும் அன்றோடு போய்விட்டது. தம்பி தங்கைகளே, நம் தொழிலில் இதைவிட ஆபத்தான நிமிஷம் கிடையாது. ஆளை மாற்றினோம், கோளாறு நின்றது, ஆகவே கோளாறு ஆளிடம் என்று மனசு தானாகவே கணக்குப் போட்டுவிடும். ஆள் போனபோது அவரோடு வேறு எது போயிற்று என்று கேட்கத் தோன்றாது.

அடுத்த புதன்கிழமை சாலை சற்றே திறந்தது. அணை அலுவலகத்து ஊழியர் ஒருவர் காலையில் கள்ளக்குறிச்சிக்குக் கிளம்பினார், கடிதமும் அவரோடு கிளம்பிவிட்டது. நாங்கள் வழக்கம்போலப் படகெடுத்தோம். பன்னிரண்டு மணிக்கு அந்தக் கரையோரம் போகும்போது காசியம்மாள் நின்றுகொண்டிருந்தார். கையில் பை. பொறுப்பாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் படகைக் கரைக்கு விட்டேன்.

"ஓட்டல்லாம் மூடிக் கெடக்குது. ரெண்டு நாளா பன்னு தின்னுக்கினு இருக்கீங்கன்னு சொன்னாங்க. இன்னிக்கி வூட்ல கறி. ரெண்டு பேரும் சாப்டுங்க" என்றார்.

"ஏழுமலை?" என்று கேட்டேன்.

"வூட்லதான் இருக்காரு. அவருதான் குட்த்துட்டு வரச் சொன்னாரு."

வாங்கிக்கொண்டேன். வேறென்ன செய்ய? வெயிலில் வைத்தால் குழம்பு கெட்டுவிடும் என்று முன்பலகைக்கு அடியில், நிழலில் வைத்தேன். படகில் நிழல் இருந்த ஒரே இடம் அதுதான். பிறகு எண்ணைப் பார்த்து ஓட்ட ஆரம்பித்தேன். காலை ஓட்டங்களில் எதிரே மலையில் இரண்டு முகடுகளுக்கு நடுவே ஒரு பள்ளம் படகின் மூக்குக்கு நேராக நின்றதை என்னையறியாமல் கவனித்து வைத்திருந்தேன். இப்போது எண் அதேதான், மலைப் பள்ளம் மட்டும் இடப்பக்கமாக விலகி நின்றது. பச்சைத் தண்ணீர்கூட நான் குடித்திருக்கவில்லை.

மோட்டாரை அணைத்தேன். முன்னால் போய்ப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தேன், எண் சரசரவென்று மாறியது. அலுமினியத் தூக்குப் பாத்திரத்தை வெளியே எடுத்தேன். அதற்கு அடியில், பழந்துணியில் சுற்றி, ஒரு சாண் நீளத்துக்கு உடைந்த கருக்கரிவாள்.

பொறுப்பாளர் எட்டிப் பார்த்தார். நாங்கள் இரண்டு பேருமே இந்தப் பக்கத்துக்காரர்கள்தான், ஒருவரும் விளக்கம் சொல்லத் தேவையிருக்கவில்லை. கறிச்சோறு வீட்டைவிட்டு வெளியே போனால், அதுவும் உச்சிவேளையில் தண்ணீரைத் தாண்டிப் போனால், காற்று கருப்பு அண்டாமல் இருக்க ஓர் இரும்புத் துண்டோ கரித்துண்டோ கூடவே வைத்து அனுப்புவார்கள். என் அம்மாவே செய்திருக்கிறாள். சந்தை நாளும் ஞாயிறும்தானே கறி எடுக்கும் நாட்கள்? மற்ற நாட்களில் புளிக்குழம்புக்குக் காவல் எதற்கு? பையில்தான் விஷயம் இருக்கிறது என்று பொறுப்பாளர் சொன்னது சரிதான். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பழி ஏழுமலை தலையில், பாவம் என் கையில்.

"லெட்டர் போயிடுச்சே" என்றார் பொறுப்பாளர். அவர் குரல் இறங்கிப் போயிருந்தது.

படகைக் கரைக்கு விட்டு, யாரோ ஒருவரின் சைக்கிளை வாங்கிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்கு மிதித்தேன். பாதி வழியில் சாலையின் குறுக்கே மறுபடி மரம். காலையில் போனவர் தாண்டிய பிறகு வெட்டியிருக்கிறார்கள். பத்துப் பதினைந்து இளைஞர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"வண்டி போவாது சார்" என்றார் ஒருவர்.

"சைக்கிள்தானே."

"சைக்கிளும் வண்டிதான். அப்பிடி இன்னா அவசரம்?"

பொய் சொல்லத் தோன்றவில்லை. நடந்ததைச் சொன்னேன். "டேம்ல போட் ஓட்டற ஏழுமலையா? அவரு குடிக்கறாருன்னு எவன் சொன்னது?" என்று எழுந்தார் இன்னொருவர்.

"எங்க சார் சொன்னாரு. மிசின் சரியா இருக்குன்னு நான் சொன்னேன்."

அவர் என் எதிரே வந்து நின்றார். அடி விழும் என்றுதான் நினைத்தேன். "நாங்க வேல கேட்டு ரோட்ல ஒக்காந்துக்கினு இருக்கோம். நீங்க இருக்கற வேலையயும் புடுங்கறீங்க" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, சலிப்பாகச் சொன்னார். பிறகு இரண்டு பேர் சைக்கிளைத் தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் வைத்தார்கள். "போ சார். போயி சரியா எழுதிக் குடு."

அலுவலகம் மூடும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். மூக்குக்கண்ணாடி போட்ட ஓர் எழுத்தர் அம்மா மட்டும் இருந்தார். கடிதம் வந்துவிட்டது, முத்திரை குத்தி ஃபைலில் சேர்த்தாயிற்று. திருப்பித் தரச்சொல்லிக் கேட்டேன்.

"உள்ள போன காகிதத்த எடுக்கறதுக்கு வழியில்லிங்க. வேணும்னா அது மேல இன்னொரு காகிதம் வைக்கலாம்" என்று ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார். நான் பேனாவைத் திறந்துவிட்டு எழுதாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அவரே யோசனையும் சொன்னார். "மிசின் ரிப்பேர் ஆயிடுச்சின்னு எழுதுங்களேன். ஒங்களுக்கும் நோவாது, அவருக்கும் நோவாது."

அந்தத் தாளின் முன்னால் கால்மணி நேரமாவது உட்கார்ந்திருப்பேன். அவர் சொன்ன வழி எவ்வளவு சௌகரியம் பாருங்கள். மிசினுக்கு மானம் ரோஷம் கிடையாது, அதன்மேல் பழி போட்டால் அது அழப்போவதில்லை. ஆனால் ரிப்பேர் என்று எழுதினால் கருவியை விற்றவர்கள் வந்து சோதிப்பார்கள். அது சுத்தமாக இருப்பதாக எழுதிக் கொடுப்பார்கள், நான் கொடுத்தது போலவே. அதற்கப்புறம் சந்தேகம் சுற்றிக்கொண்டு திரும்ப எங்கே வந்து நிற்கும்? ஊருக்கு இளைத்தவன் தலையில்தான். தவறு என்னுடையது என்று எழுதினால், வாடிக்கையாளர் அலுவலகத்துக்கே நேராக எழுதிக் கொடுத்தவன் என்று என்னை நிறுவனம் வீட்டுக்கு அனுப்பலாம். எனக்குக் கல்யாணமாகி ஐந்து மாதம்.

பயமாக இருந்தது. சென்சாரைப் படகோட்டி சாப்பாடு வைக்கும் இடத்தில் பொருத்தியது நான், அந்த இடத்தில் என்ன வைப்பார்கள் என்று விசாரிக்காதது என் பிழை, படகு விலகியதற்கு ஏழுமலை காரணமல்ல, அவர் குடித்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த அம்மா படித்துவிட்டு முத்திரை குத்தி, முதல் கடிதத்துக்கு மேலே வைத்து நூலைக் கட்டினார்.

திரும்பி வந்து பொறுப்பாளரிடம் சொன்னதும், "எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காம எழுதிட்டியா?" என்று எகிறினார். பிறகு உட்கார்ந்துகொண்டு, "நானா இருந்தா ரிப்பேர்னுதான்யா எழுதி இருப்பேன்" என்றார். நிறுவனத்தில் என்னை வீட்டுக்கு அனுப்பவில்லை, ஒன்றரை வருஷம் வெளிவேலைக்கு விடாமல் பணிமனையில் உட்கார வைத்தார்கள். ஏழுமலையின் நிரந்தர ஆணை அந்த வருஷம் வரவில்லை, அதற்கடுத்த வருஷம்தான் வந்தது. என் காகிதத்தால் வந்ததா, அல்லது இரண்டு காகிதமும் இல்லாதிருந்தால் முந்தின வருஷமே வந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. ஒரு வருஷச் சம்பளமும் தூக்கமும் அந்த மனிதருக்கு என்னால் போயிருக்கலாம் என்ற எண்ணம் இன்னும் என்னை விடவில்லை.

ஆனால் உங்களுக்கு நான் சொல்லவேண்டியது, கள்ளக்குறிச்சியிலிருந்து திரும்பியதற்கு மறுநாள் காலை நடந்தது.

நானும் பொறுப்பாளரும் ஏழுமலை வீட்டுக்குப் போனோம். பொறுப்பாளர் நின்றுகொண்டே மன்னிப்புக் கேட்டார், நானும் கேட்டேன். அரிவாள் துண்டை ஏழுமலையின் கையில் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நங்கூரம், சங்கிலி, கத்தி, எல்லாத்தயும் பின்னால போட்டேன் சார். இத சாமான்னு நெனைக்கலியே, இது காவலுக்குப் போடறது. பையில இன்னா இருக்குதுன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தீங்கன்னா கொட்டிக் காட்டி இருப்பேன்" என்றார்.

மூன்று பேரும் கரைக்கு நடந்தோம். படகுக்குப் பக்கத்தில் வந்ததும் அவராகவே சொன்னார்: "நாளைலேர்ந்து இரும்பு போட வாணாம்னு அவகிட்ட சொல்லிட்றேன். ஒங்க வேல கெடக் கூடாது."

யாருடைய வேலையைப் பற்றி யார் கவலைப்படுவது? "வேணாம் ஏழுமலை, பை எப்பவும் இருக்கற எடத்துலயே இருக்கட்டும். மிசின நகத்திக்கலாம். எங்க வைக்கலாம்னு நீங்க சொல்லுங்க" என்றேன்.

அவர் படகை முன்னும் பின்னும் ஒருமுறை பார்த்தார். ஏறினார், முன்பலகையில் உட்கார்ந்து பார்த்தார், எழுந்து பின்னால் போய் மோட்டார்பக்கம் உட்கார்ந்து கையை நீட்டிப் பார்த்தார். பிறகு முன்பலகைக்கும் பேட்டரிக்கும் இடையில் வந்து நின்று தலைக்கு மேலே காட்டினார். அங்கே சவுக்குக் கம்பு ஒன்றை நட்டு அதன் உச்சியில் வைத்தால் எண் கொஞ்சம் ஆடும், கையேட்டின்படி அது இரண்டாந்தர இடம்.

"இங்க வைங்க சார்" என்றார். "இங்க யாரும் எதையும் வைக்கமாட்டோம்."